நட்டதை மிதித்த கதை

தமிழினி, கவின், இரண்டு பேரும் கொஞ்சம் உட்காருங்கள்.

போன வாரம் கவின் அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பூமியின் மேலோடு பல தட்டுகளாக இருக்கிறது என்று சத்தமாகப் படித்தான். "அதையெல்லாம் யாரு கழுவுறது?" என்று தமிழினி கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தீர்கள். பிறகு கவின் என் பக்கம் திரும்பி, "அப்பா, நிலநடுக்கம்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?" என்றான். தெரியாது என்று முடிவு கட்டிவிட்டுக் கேட்கிற தோரணை அது.

மகனே, உன் அப்பன் நிலநடுக்கம் உண்டாக்கிப் பிழைத்தவன். மாதச் சம்பளத்துக்கு உண்டாக்கினேன். தீபாவளிக்கு போனஸ்கூடக் கொடுத்தார்கள். உன் அம்மாவும் அதே வேலை பார்த்தவள்தான். நான் பத்தாவதைத் தாண்டாதவன் என்பதால் எனக்குத் தெரிந்த மட்டில் எழுதித் தருகிறேன். இதை அப்படியே பரீட்சையில் எழுதிவிடாதே, மார்க் வராது.

அப்பா பார்த்த வேலை

மண்ணுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நம் பக்கம் ஒரு சர்வே பார்ட்டி வந்திருந்தது. எண்ணெய் எடுக்கலாமா கூடாதா என்று ஊரில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. அந்தச் சண்டையை இங்கே இழுக்கவில்லை. வேலையை மட்டும் சொல்கிறேன்.

தரைக்குள் பார்க்கக் கண் உதவாது, காதுதான் உதவும். சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே சங்கதிதான். ஒரு இடத்தில் ஆழமாகக் குழி துளைப்பார்கள். அதற்குள் வெடி மருந்தை இறக்கி மண்ணைப் போட்டு மூடுவார்கள். அதற்கு ஷாட் என்று பெயர். வெடித்தால் மேலே ஒன்றும் தெரியாது. காலுக்கடியில் யாரோ ஒரு தரம் விக்கியது போல இருக்கும், அவ்வளவுதான். அதுதான் நாங்கள் உண்டாக்கிய நிலநடுக்கம்.

அந்த அதிர்வு கீழே இறங்கும். மண்ணும் மணலும் களியும் பாறையும் அடுக்கடுக்காக இருக்கிறது அல்லவா, ஒவ்வொரு அடுக்கிலும் முட்டிக் கொஞ்சம் மேலே திரும்பி வரும். திரும்பி வருவதைக் கேட்பதற்கு ஜியோபோன் என்று ஒரு கருவி. உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் குமிழ், அடியில் விரல் நீளத்துக்கு ஓர் ஆணி, தலையில் ஒயர். ஒரே கயிற்றில் கோத்த மாதிரி வரிசையாக வரும். அதை வயலில் குத்திக்கொண்டே போக வேண்டும். ஒயர் எல்லாம் கேபிளில் சேர்ந்து, கேபிள் ஒரு வண்டிக்குள் போகும். அந்த வண்டியில்தான் கம்ப்யூட்டர், ஏசி, படித்தவர்கள் எல்லாம். வண்டிக்குத் தொழிலில் வைத்த பெயர் டாக் ஹவுஸ். அதாவது நாய் வீடு. நான் வைத்த பெயர் இல்லை, வெள்ளைக்காரன் வைத்தது. ஆனாலும் "சார் நாய் வீட்டுக்குள்ள இருக்காரு" என்று சொல்வதில் எங்களுக்கு ஒரு திருப்தி இருந்தது.

அந்தச் சார் பெயர் பிலிப். நாகர்கோவில் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் இங்கிலீஷ் பேசுவார். ரொம்பக் கோபம் வந்தால் தமிழுக்கு வந்துவிடுவார். நல்ல மனுஷன். நான் அவருக்குக் கீழே லைன்மேன். கேபிள் போகிற வரிசைக்கு லைன் என்று பெயர், அதில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவன்.

நடத் தெரிஞ்ச ஆளு

சம்பா அறுப்பு முடிந்து வயலில் ஈரம் காயாத சமயம். லைன் நம் ஊர் எல்லைக்கு வந்தபோது, கேபிள் வேலைக்கு இருந்த வெளியூர்ப் பையன்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார்கள். பிலிப் சார் வாக்கி டாக்கியில் என்னைக் கூப்பிட்டார்.

"முருகையா, நாளைக்குக் காலையில ஆளு வேணும். சும்மா ஆளு வேண்டாம், நல்லா நடத் தெரிஞ்ச ஆளா பாரு."

அவர்கள் தொழிலில் ஜியோபோனைத் தரையில் குத்துவதற்கு பிளான்ட் பண்ணுவது என்று பேர். அதைத்தான் அவர் தமிழில் நடுவது என்றார். அவர் கேட்டது ஏற்கனவே ஜியோபோன் குத்திப் பழகிய ஆளை. நம் ஊரில் நடத் தெரிந்த ஆள் என்று கேட்டால் யாரைக் கூட்டி வருவார்கள் என்று தமிழினி சொல்லுவாள்.

நேரே வீட்டுக்குப் போய் உங்கள் அம்மா செல்வியிடம் சொன்னேன்.

அப்போது செல்வியின் நடவு செட்டு என்றால் சுற்றுவட்டாரத்தில் பேர் உண்டு. எட்டுப் பெண்கள், இவள் தலைவி. ஆனால் அந்த வருஷம்தான் நடவு மெஷின் ஊருக்குள் வந்தது. எட்டுப் பேர் நாள் முழுக்க நடுவதை அது டீ குடிக்கிற நேரத்தில் நட்டுவிட்டுப் புகை விட்டது. செட்டுக்கு வேலை இல்லை. அதனால் நான் சொன்னதும் உங்கள் அம்மா கேட்ட முதல் கேள்வி, இது எத்தனை நாள் வேலை என்பதுதான். லைன் கடற்கரை வரைக்கும் போகிறது, சரியாகச் செய்தால் அடுத்த சாகுபடி வரைக்கும் ஓடும் என்றேன். அன்று சாயங்காலமே எட்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மெஷினிடம் தோற்றவர்களுக்கு இன்னொரு மெஷின் வேலை கொடுக்கிறது என்று ஒரே கும்மாளம்.

மறுநாள் காலையில் எட்டுப் பேரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றார்கள். பிலிப் சார் டாக் ஹவுஸ் கதவைத் திறந்து பார்த்தார். நல்லா நடுவாங்களா என்று மட்டும் கேட்டார். ஜில்லாவிலேயே இவங்க அளவுக்கு நடுறவங்க கிடையாது சார் என்றேன். பொய் இல்லையே.

செல்வி வயலின் ஈசானிய மூலையில் முதல் ஜியோபோனைக் கையில் வைத்துக் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் குத்தினாள். மற்றவர்கள் வரிசை கட்டினார்கள். பின்னால் நகர்ந்துகொண்டே, குனிந்த தலை நிமிராமல், கயிற்றில் இருந்த ஜியோபோன்களை நாலைந்தாகச் சேர்த்துக் குத்து குத்தாக வைத்தார்கள். மேலாக, கட்டைவிரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான். நாற்றை ஆழத்தில் நட்டால் தூர் வெடித்துக் கிளைக்காது, மேலாக நட வேண்டும். அது அவர்கள் கைக்கே தெரிந்த விஷயம். பார்க்க அத்தனை அழகு. மதியத்துக்குள் லைன் முடிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் பிலிப் சார் டாக் ஹவுஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்தார். அவர் வெயிலில் நடந்து வந்தாலே விஷயம் பெரிது என்று அர்த்தம். ஒரு குத்தைப் பிடித்து இரண்டு விரலால் இழுத்தார். சுலபமாகக் கையோடு வந்தது.

"என்ன முருகையா இது?" தமிழில்தான் கேட்டார்.

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் பதில் சொன்னாள். "ஒத்த ஒத்தையா வச்சா பிடிக்காதுங்க சார். ஒத்த நாத்து நடவெல்லாம் ஆபீசர் பாக்க வந்தா மட்டும் நடுறது."

சார் வானத்தைப் பார்த்தார். பிறகு அந்த ஜியோபோனைத் தூக்கிக் காட்டி, "அம்மா, இது நாத்து இல்ல, காது. பூமிக்கு நாம வைக்கிற காது. லூசா இருந்தா காத்து அடிக்கிற சத்தம்தான் கேக்கும். தனித்தனியா வைக்கணும், நேரா நிக்கணும், மண்ணோட இறுகிப் பிடிக்கணும்" என்றார்.

காதுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே என்று பின்னாலிருந்து ராஜாமணி முனகினாள். தரங்கம்பாடிப் பக்கம் பிறந்து நம் ஊரில் வாக்கப்பட்டவள். வாய்க்கு வரி கட்டாதவள்.

மிதிக்க மாட்டோம்

பிலிப் சார் செய்து காட்டினார். ஜியோபோனை நேராக நிறுத்தி, அதன் தலையில் ஷூ குதிகாலை வைத்து ஓங்கி ஒரு மிதி. ஆணி முழுசும் களிக்குள் இறங்கியது. இழுத்துப் பார்த்தார், வரவில்லை.

எட்டுப் பேரும் ஒரு அடி பின்னால் போய்விட்டார்கள்.

"சார், நட்டதை மிதிக்கிறதா?" என்றாள் செல்வி.

"ஆமா, மிதிச்சாத்தான் இறுகும்."

"அதை மட்டும் எங்களால செய்ய முடியாதுங்க. வேற என்ன வேணா சொல்லுங்க."

சார் அதைப் பிடிவாதம் என்று நினைத்தார். நாளைக் காலையில் நாய்ஸ் டெஸ்ட் வைப்பேன் என்றார். வெடி வைக்காமல், எல்லோரும் அசையாமல் இருக்க, ஜியோபோன்கள் எவ்வளவு சுத்தமாகக் கேட்கின்றன என்று பார்க்கிற சோதனை அது. அதில் தப்பு வந்தால் கான்ட்ராக்டர் வடக்கேயிருந்து ஆள் இறக்கிவிடுவார், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார். நான் அதைத் தமிழில் சொன்னேன். சொல்லாமலேகூட அவர்களுக்குப் புரிந்துதான் இருந்தது.

வீட்டில் உங்கள் அம்மா சாப்பாடு போட்டாள். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். அது வெறும் பிளாஸ்டிக்குதானே செல்வி என்றேன்.

"பிளாஸ்டிக்குன்னு எனக்குத் தெரியுதுங்க. காலுக்குத் தெரியலையே" என்றாள்.

பதினைந்து வயதிலிருந்து வயலில் இறங்குகிறவள். நட்ட இடத்தில் கால் படக்கூடாது என்று குனிந்து குனிந்து பழகிய கால். எட்டுக் குடும்பம் அடுத்த சாகுபடி வரை என்ன செய்வது என்பது ஒரு குதிகாலில் வந்து நிற்கிறது. கையாலேயே பலமாக அழுத்திப் பார்க்கலாமா என்றாள் கடைசியில். வாசலில் ஒரு குச்சியை வைத்து அழுத்திப் பார்த்தாள். மறுநாள் காலையில் கட்டைவிரல் வீங்கியிருந்தது.

காலையில் ஏழு பேர் வயலுக்கு வந்தாயிற்று. ராஜாமணியைக் காணோம். கடைசியில் மூச்சு வாங்க ஓடி வந்தாள். அவள் வீட்டு மாடு ராத்திரி கட்டியிருந்த முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போய் அடுத்தவர் உளுந்தை மேய்ந்துவிட்டதாம். மாட்டையும் அதன் பரம்பரையையும் திட்டிக்கொண்டே வந்தாள்.

"திரும்ப முளையை அடிச்சு, நல்லா மிதிச்சு இறுக்கிட்டு வர்றதுக்குள்ள உசிரு போவுது."

செல்வி குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். "என்ன சொன்ன?"

"முளையை மிதிச்சு இறுக்கிட்டு வந்தேன்னேன். அதுக்கென்ன இப்ப?"

செல்வி தன் கையில் இருந்த ஜியோபோனைப் பார்த்தாள். மேலே குமிழ், கீழே ஆணி, தலையில் கயிறு. அதைத் தரையில் நிறுத்தினாள். "ஏய், இங்க பாருங்கடி. இன்னைக்கு நாம நட வரலை. முளை அடிக்க வந்திருக்கோம்" என்று சொல்லி ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

பூமி பிளக்கவில்லை. ஒருத்தி மிதித்தாள், அடுத்தவள் மிதித்தாள். அப்புறம் கேட்பானேன். "வீட்டுல கட்டிப்போட்டிருக்கிற மாட்ட நெனச்சுக்கிட்டு மிதிங்கடி" என்றாள் ராஜாமணி. எட்டுப் பேரும் தங்கள் புருஷன்மாரை நினைத்துக்கொண்டு மிதித்த அந்த வேகத்தை நான் வரப்பில் நின்று பார்த்தேன். உங்கள் அம்மா கொஞ்சம் அதிகமாகவே மிதித்த மாதிரி எனக்குப் பட்டது.

வாத்து

நாய்ஸ் டெஸ்ட் ஆரம்பித்தது. எட்டுப் பேரும் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். வெற்றிலை போடுவதுகூட இல்லை. நான் வாக்கி டாக்கியுடன் நின்றேன். பிறகு பிலிப் சார் குரல் வந்தது.

"முருகையா, உன் ஆளுங்க ஆடுறாங்க."

"இல்ல சார். எல்லாரும் சிலை மாதிரி உக்காந்திருக்காங்க."

"அப்ப இது என்ன? கிழக்கு ஓரத்துல ஆரம்பிச்சு இந்தப் பக்கமா வருது. வரவர ஜாஸ்தியாகுது."

செல்வி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீங்கிய கட்டைவிரலை மற்ற கைக்குள் மூடி வைத்திருந்தாள். நான் கிழக்கே பார்த்தேன். அறுத்த தாளுக்கு நடுவில், வயல் முழுக்க, கழுத்தை நீட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தன.

"சார், வாத்து."

வாக்கி டாக்கி ஒரு தரம் கரகரத்தது.

"யாரைச் சொல்ற?"

"உங்கள இல்ல சார். நிஜ வாத்து. மேய வருது."

அறுப்பு முடிந்த வயலில் சிந்திய நெல்லுக்கு வாத்து மேய்ப்பது உங்களுக்குத் தெரியும். மேய்க்கிறவரிடம் ஓடிப் போய் நிறுத்தச் சொன்னேன். நில்லுன்னா நிக்கிற பயலுவளா இதுங்க என்று அவர் என்னையே கேட்டார். வாத்துக் கூட்டம் கேபிளைத் தாண்டிக் கத்திக்கொண்டே நடந்தது. வேலை போயிற்று என்றுதான் நான் நினைத்தேன்.

அதற்குள் பிலிப் சார் இறங்கி வந்துவிட்டார். வாத்தைப் பார்த்தார். வயலைப் பார்த்தார். ஒரு ஜியோபோனைப் பிடித்து இழுத்தார், வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார், வரவில்லை. கோபமாகத்தான் இருக்கிறார் என்று இங்கிலீஷை எதிர்பார்த்தோம்.

"ஏம்மா, வாத்து கால் வைக்கிறதே இவ்வளவு தெளிவா கேக்குதுன்னா, நட்டது ரொம்பச் சரியா இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

"நடலை சார். முளை அடிச்சிருக்கோம்" என்றாள் செல்வி.

சாருக்குப் புரியவில்லை. ஏதோ ஒண்ணு, இதே மாதிரி கடற்கரை வரைக்கும் பண்ணுங்க என்று சொல்லிவிட்டு நாய் வீட்டுக்குள் போனார். அவர் கதவைச் சாத்துகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். வாத்து போன பிறகு ஷாட் அடித்தோம். காலுக்கடியில் ஒரு விக்கல். எட்டுப் பேரும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். அதுவும் ரெக்கார்டில் விழுந்திருக்குமோ என்னவோ.

தேர்

கவின், இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். லைன் கடற்கரையை நெருங்கும் வரைக்கும் டீ நேரத்தில் பிலிப் சார் சொன்னதெல்லாம் இது.

தட்டு என்றால் சாப்பிடுகிற தட்டு இல்லை. நிலமும் கடலும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிற பெரிய பாறைப் பாளம். பூமியின் மேல் பகுதி அப்படிப் பல பாளமாக உடைந்து கிடக்கிறது. கீழே இருக்கும் பாறை அவ்வளவு சூடு. குழம்பாக ஓடாது, ஆனால் வெயிலில் வைத்த மெழுகு மாதிரி மெல்ல மெல்ல நகரும். அதன் மேல் தட்டும் நகரும். கைவிரல் நகம் வளருகிற வேகம்தான். நம் தட்டு வடக்கே போய் முட்டியதில் எழும்பியதுதான் இமயமலை. இன்னும் முட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் தினமும் ஆட வேண்டாமா? இதற்குத் தேரைப் பார். வடத்தைப் பிடித்து ஊரே இழுக்கிறது. தேர் அசையவில்லை. வடம் விறைக்கிறது, இன்னும் விறைக்கிறது. சட்டென்று தேர் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்கிறது, முன்னால் இருக்கிறவன் விழுகிறான். தட்டுகளும் ஓரத்தில் ஒன்றோடொன்று சிக்கி நிற்கும். பல காலம் இறுக்கம் சேரும். சேர்ந்தது ஒரே நொடியில் விடுபட்டால் அதுதான் நிலநடுக்கம். அதிர்வில் முதலில் வருவது முன்னும் பின்னும் தள்ளும் அலை, பின்னால் வருவது பக்கவாட்டில் ஆட்டும் அலை. மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளியை வைத்து மழை எவ்வளவு தூரம் என்று சொல்கிறோமே, அப்படி இந்த இரண்டு அலைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வைத்து எவ்வளவு தூரத்தில் ஆடியது என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் நுழைகிற இடத்தில், ஆழத்தில் பாறை உருகி மேலே வழி தேடும். எரிமலைகளில் பாதிக்கு மேல் அந்த மாதிரி. அந்தமான் பக்கம் ஒன்று இருக்கிறது. நம் ஊர் டீக்கடைக்காரர், நாங்கள் வைத்த வெடியில் தன் மாட்டுக்கொட்டகையில் எரிமலை வந்துவிடும் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். நாம் இருப்பது தட்டின் ஓரத்தில் இல்லை, நடுவாட்டத்தில். நமக்கு அடியில் காவிரி கொண்டுவந்து கொட்டிய மண்ணும் மணலும்தான் அவ்வளவு ஆழத்துக்கு. எரிமலை வராது. அதற்காக நிலமே ஆடாது என்று எழுதி வைக்காதே, நடுவிலும் சில சமயம் ஆடும், மெத்துமண் கூடுதலாக ஆடும் என்று சார் சொன்னார்.

ஒரு நாள் ராஜாமணி கேட்டாள். அவள் சிரிக்காமல் கேட்டது அது ஒன்றுதான்.

"சுனாமி வந்த அன்னைக்கு எங்க ஊருல தரை பெருசா ஆடலையே சார். அப்புறம் ஏன் தண்ணி வந்துச்சு?"

பிலிப் சார் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். ஆடியது இங்கே இல்லை, கடலுக்கு அந்தப் பக்கம், சுமத்ரா ஓரத்தில். அங்கே ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் போய்ச் சிக்கியிருந்தது. விடுபட்டபோது கடலடித் தரை எழும்பிவிட்டது. அதன் மேல் இருந்த தண்ணீர் முழுசும் எழும்பி, பரவி, இங்கே வந்தது.

"இந்தக் காது முன்கூட்டியே சொல்லுமா?"

"ஆடப்போகுதுன்னு சொல்லாதும்மா. அது யாராலயும் முடியல. ஆடிருச்சுன்னு உடனே சொல்லும். தண்ணி இங்க வந்து சேர நேரம் ஆகும். அந்த நேரம்தான் நமக்கு."

அன்று மத்தியானம் ராஜாமணி யாரையும் கிண்டல் பண்ணவில்லை. ஒவ்வொரு முளையையும் மிதித்துவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள்.

கடைசியாக

செட்டு கடற்கரை வரைக்கும் வேலை பார்த்தது. பிறகு பார்ட்டி வேறு மாநிலத்துக்குப் போனது. நான் கூடவே போய்ப் பல வருஷம் பல ஊர் மண்ணை மிதித்துவிட்டு வந்தேன். நான் கற்றுக்கொண்டது இதுதான். ஒரு வேலையை ஆளிடம் கொடுக்கும்போது நம் வாயில் வருகிற வார்த்தை அவர்கள் கைக்கும் காலுக்கும் என்ன சொல்லும் என்று யோசித்துக் கொடுக்க வேண்டும். நடு என்றால் ஒரு கால் தயங்கும். முளை அடி என்றால் அதே கால் இறங்கும். பூமிக்கு இரண்டும் ஒன்றுதான். நமக்கு ஒன்றில்லை.

இந்த வருஷம் நம் வயலில் மெஷின் நடவுதான். நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள், அம்மா கடைக்குப் போயிருந்தாள். மெஷின் திரும்புகிற மூலைகளில் கொஞ்சம் இடம் விட்டுப் போயிருந்தது. மீந்த நாற்றில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு நான் இறங்கினேன். ஈசானிய மூலையில் முதல் குத்தை வைத்தேன். வைத்துவிட்டு நிமிர்ந்தால், என் வலது குதிகால் அதன் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறது.

சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. காலை மெல்லத் தள்ளிப் பக்கத்துச் சேற்றில் வைத்தேன். குனிந்து, அந்தக் குத்தைக் கட்டைவிரலால் மேலாக ஒரு தரம் அழுத்திவிட்டு, அடுத்ததை நட்டேன்.